இரவல் மடி

திருத்தணியில் மலைமேல் இருக்கிறவருக்கு இரண்டு பெண்டாட்டி. மலைக்குக் கீழே இருக்கிற எங்கள் பூபாலனுக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் மருமகப்பிள்ளைகள் என்று எண்ண ஆரம்பித்தால் ரேஷன் கடையில் பூபாலனுக்கு மட்டும் தனி கவுண்டர் போட வேண்டியிருக்கும். நகரியில் பாதிப் பேர், புத்தூரில் பாதிப் பேர், மீதி அரக்கோணத்தில். எல்லாம் பூபாலன் மடியில் உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொண்ட தலைகள்.

எங்கள் பக்கத்தில் குழந்தைக்கு முதல் மொட்டை போடும்போதும் காது குத்தும்போதும் அது தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். அப்பா மடி செல்லாது. தாத்தா எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அவர் மடியும் செல்லாது. அம்மாவோடு கூடப்பிறந்தவன் வேண்டும். சரி, கூடப்பிறந்தவனே இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? அதைவிட மோசம், இருந்தும் வராதவர்கள். முறுக்கிக்கொள்ளாத தாய்மாமனை நான் இந்தத் தெருவில் தேங்காய்க் கடை போட்டதிலிருந்து பார்த்ததே இல்லை. மாலை சின்னது என்று ஒருத்தன் கோபித்துக்கொண்டு சென்னை பஸ் ஏறுவான். வேட்டியில் கரை மெல்லிசு என்று இன்னொருத்தன் வாயில் சாப்பாட்டோடு எழுந்து போவான்.

அப்படிப் போன ஒருத்தனால்தான் பூபாலனுக்கு வாழ்வு வந்தது.

பூபாலன் அம்மையார்குப்பத்துக்காரன். தறி வீடு. ஒரு நாள் தோளில் ஒரு பையோடு வந்து, சரவணப் பொய்கையைத் தாண்டி எங்கள் தெருவில் இருக்கிற சத்திரத்தில் கூட்டிப் பெருக்குகிற வேலைக்குச் சேர்ந்தான். உடம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. கையில், கழுத்தில், ஒரு கண்ணைச் சுற்றி. நான் பள்ளிக்கூடத்தில் இருந்த இரண்டு வருஷத்தில் உலக மேப்பைப் பார்த்ததில்லை. பூபாலன் கிணற்றடியில் குளிக்கும்போது அவன் முதுகில்தான் பார்த்தேன்.

வந்த புதிதில் டீக்கடையில் அவனுக்குப் பேப்பர் கப். மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். அவன் அதைக் கேட்டதும் இல்லை, முகம் சுளித்ததும் இல்லை. கப்பை வாங்கிக்கொண்டு தள்ளிப் போய் நின்று குடிப்பான். பக்கத்தில் வண்டி மெக்கானிக் கடை வைத்திருந்த நஜீர் அகமதுதான் இதைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல், அவனை அரக்கோணத்துக்கு ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். சாயங்காலம் திரும்பி வந்து டீக்கடை நடுவில் நின்று சத்தம் போட்டார்.

"கேட்டுக்கோங்க எல்லாரும்! இது ஒட்டாது. உசுருக்கும் ஒண்ணும் இல்ல. தோலுக்குச் சாயம் போயிருக்கு, அவ்ளோதான். என் ஆயில் கை இவனைவிட மோசம், அதுக்கு யாராவது பேப்பர் கப் குடுக்கறீங்களா?"

சொல்லிவிட்டு பூபாலன் வாய் வைத்த கப்பை வாங்கி மிச்சத்தைத் தான் குடித்தார். மறுநாளே பூக்கார வசந்தி தன் சாப்பாட்டுத் தூக்கிலிருந்து அவனுக்குக் குழம்பு ஊற்றினாள். முடி திருத்துகிற ராஜமாணிக்கம் வாரம் தவறாமல் சும்மாவே சவரம் செய்துவிட்டான். கொஞ்ச நாளில் பார்த்துப் பார்த்து எங்கள் கண்ணுக்கு அந்தத் திட்டே தெரியாமல் போய்விட்டது. எங்கள் தெருவைப் பற்றி நாங்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். திருப்பதி லட்டு மாதிரி எங்கள் மனசு, பிட்டால் நெய் வடியும் என்று.

அந்த நேரத்தில்தான் கனகம்மாசத்திரத்திலிருந்து ஒரு குடும்பம் மொட்டைக்கு வந்தது. மாமன் முறுக்கிக்கொண்டு போய்விட்டான். ராகுகாலம் நெருங்கிவிட்டது. குழந்தை அழுகிற அழுகையில் மலைமேல் மயில் கத்துவதை நிறுத்திவிட்டது. பெற்றவள் அதைவிட அதிகமாக அழுதாள். ராஜமாணிக்கம் கத்தியைத் தீட்டிக்கொண்டே சுற்றும் முற்றும் பார்த்தான். விளக்குமாற்றோடு நின்ற பூபாலனை இழுத்தான். மொட்டைத் தலைக்குப் பூச வைத்திருந்த சந்தனக் கிண்ணத்தை எடுத்து, முகம், கழுத்து, இரண்டு கை எல்லாம் அப்பிவிட்டான்.

"இவரு மலைக்கு வேண்டிகினு கீறவரும்மா. மாமன் இல்லாத புள்ளைங்களுக்கு இவுருதான் மாமன். உக்காரு மாமா!"

மலைக்கு வருகிற ஊரில் சந்தனம் பூசிக்கொண்டு நிற்கிறவனை யார் ஏன் என்று கேட்பார்கள்? பூபாலன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். குழந்தையை மடியில் வைத்ததுதான் தாமதம், அழுகை நின்றது. இதில் ஒரு சொட்டுக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. மற்றதில் எல்லாம் கூட்டித்தான் சொல்வேன்.

அதன்பிறகு சத்திரத்தில் எந்தக் குடும்பம் மாமன் இல்லாமல் கையைப் பிசைந்தாலும், "மடி மாமா இருக்காரு" என்று ஆள் அனுப்புவார்கள். குழைத்த சந்தனம் எப்போதும் தயாராக இருக்கும். வெற்றிலை பாக்கு, தேங்காய், ஒரு துண்டு, இதுதான் அவனுக்கு மரியாதை. அவன் அறையில் சேர்ந்த துண்டுகளைக் கட்டி இழுத்தால் தேர் நகரும். அத்தனை துண்டுக்கும் தோள் ஒன்றுதான்.

வருகிற பெண்கள் எல்லாம் போகும்போது ஒரே மாதிரி சொல்வார்கள். "அண்ணா, எங்க வூட்டுக்கு ஒரு தடவ வந்தே ஆவணும். புள்ளைய கூட்டிகினு வந்து காட்டறோம்." ஒருத்தியும் வந்ததில்லை. பூபாலன் மட்டும் ஒவ்வொரு வேனும் பைபாஸ் திரும்பி மறைகிற வரைக்கும் கையை ஆட்டிக்கொண்டே நிற்பான். பிறகு கிணற்றடிக்குப் போய்ச் சந்தனத்தைக் கழுவுவான்.

"யோவ் மாமா, இவ்ளோ புள்ளைங்களுக்கும் சீர் செய்யணும்னா நீ மலையையே அடகு வைக்கணும்யா" என்பேன். சிரிப்பான். அந்தச் சிரிப்புக்காகவே தினமும் ஏதாவது அவிழ்த்துவிடுவேன்.

அவனுக்கு நிஜமாகவே ஒரு தங்கை இருப்பது எங்களுக்கு ரொம்ப நாள் தெரியாது. பிரேமா. புத்தூர்ப் பக்கம் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு வரன் வந்த நேரத்தில்தான் பூபாலன் வீட்டைவிட்டு வந்திருக்கிறான். அண்ணனுக்கு உடம்பெல்லாம் வெள்ளை என்று தெரிந்தால் தங்கையை யார் கட்டுவான்? ஒரே பெண், கூடப்பிறந்தவர் யாரும் இல்லை என்று அப்பா சம்பந்திகளிடம் சொல்லிவிட்டார். பூபாலனும் இல்லாமல் போய்விட்டான். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்குத் தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

போன ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் ஒரு நாள். டீக்கடையில் பூபாலன் முகம் அகல் விளக்கு ஏற்றினாற்போல் இருந்தது. டீயைப் பாதி சட்டையில் ஊற்றிக்கொண்டான்.

"இன்னா மாமா, கல்யாணம் கில்யாணம் கூடிச்சா?" என்று வசந்தி பூத்தொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"என் தங்கச்சி போன் பண்ணிச்சி."

"உனுக்குத் தங்கச்சியா!"

"ஆங். பிரேமா. ஒரே வவுத்துல பொறந்தது. அதும் புள்ளைக்கு மொட்டையாம், காது குத்தாம். வர வெள்ளிக்கிழமை. நம்ம சத்திரத்துலதான். நாந்தான் மடியில வச்சிக்கணும்னு சொல்லிச்சி."

அவ்வளவுதான் சொன்னான். போனில் அவள் சொன்ன மிச்சத்தை விழுங்கிவிட்டான். மாமியார் வீட்டில் தனக்கு அண்ணன் இல்லை என்று சொல்லி வைத்திருப்பதால், திருத்தணியில் மடி கொடுக்கிற மாமா ஒருத்தர் இருக்கிறாராம் என்று அவளே சத்திரத்தைத் தேடிப் பிடித்து ஏற்பாடு செய்திருந்தாள். 'நீ சந்தனத்த பூசிகினு வந்து உக்காருண்ணா. யாரோ மாதிரி இரு. என் புள்ள உன் மடியிலதான் உக்காரணும். வேற எவன் மடியிலயும் உக்கார வைக்க எனக்கு மனசு இல்ல.' இதுதான் அவள் சொன்னது. தங்கை அத்தனை தந்திரம் செய்து அண்ணனுக்கு ஒரு கால் மணி நேரம் சம்பாதித்துக் கொடுத்திருந்தாள்.

அவன் போன பிறகு வசந்தி பூக்கூடையைத் தள்ளி வைத்தாள்.

"ஊர் புள்ளைங்களுக்கெல்லாம் ஒக்காந்தான். சொந்தத் தங்கச்சி புள்ளைக்கு வெறுங்கையோட ஒக்காருவானா? நாம இன்னாத்துக்குக் கீறோம்? மாமன் சீர் எடுக்கறோம். சொல்லாம கொள்ளாம போய் நிக்கறோம். அப்டியே அசந்துடணும் மாமன்."

யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. நஜீர் பாய் வெள்ளி அரைஞாண் கொடி வாங்கினார். சத்திரத்துக்காரர் பட்டுச் சட்டை. நான் தேங்காயும் பழமும், கடையையே காலி செய்தேன். வசந்தி கட்டிய மாலை யானைக்குப் போட்டாலும் தரையில் புரளும். ராஜமாணிக்கம் தன் மச்சான் வைத்திருக்கிற பேண்டு செட்டுக்குச் சொல்லிவிட்டான். பூபாலனிடம் மட்டும் மூச்சு விடவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வேன் வந்தது. பிரேமா ஒல்லியாக, முந்தானையை இழுத்து இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினாள். இடுப்பில் சுருட்டை முடியோடு பையன், லோகேஷ். பின்னாலேயே புருஷன், மாமியார், கல்யாண வயதில் ஒரு நாத்தனார், இன்னும் ஒரு பத்துப் பேர். பூபாலன் முற்றத்தில் சந்தனச் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தான். எப்போதையும்விட இரண்டு மடங்கு பூசச் சொல்லியிருந்தான்.

மாமியார் அவனைப் பார்த்துக் கும்பிட்டாள். நல்ல மனுஷி மாதிரிதான் இருந்தாள். "எங்க மருமவளுக்கு அண்ணன் தம்பி இல்லீங்க. நீங்கதான் மாமனா இருந்து நடத்திக் குடுக்கணும்."

"ஆவட்டும்மா" என்றான் பூபாலன்.

பிரேமா குழந்தையை அவன் மடியில் வைத்தாள். வைத்தவள் கையை உடனே எடுக்கவில்லை. குழந்தையின் முதுகுக்குக் கீழே அவன் கைமேல் அவள் கை கொஞ்ச நேரம் இருந்தது. அதை ராஜமாணிக்கம் மட்டும் பார்த்தான். பார்த்து, வரப்போகிற பேண்டு செட்டை நினைத்துச் சிரித்துக்கொண்டான்.

மொட்டை நடந்தது. பையன் அழவே இல்லை. பூபாலனின் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். சுருட்டை முடி மடியெல்லாம் கொட்டியது. தலையில் சந்தனம் பூசினார்கள். ஆசாரி வந்து வலது காதைக் குத்தினார். அப்போதுதான் பையன் வீறிட்டான். காலை உதைத்து, கண்ணீரையும் எச்சிலையும் பூபாலன் முழங்கையில் தேய்த்தான். ஆசாரி இடது காதைப் பிடித்தார்.

தெருவில் பேண்டு வெடித்தது.

வேறு யாருக்கோ என்றுதான் பூபாலன் நினைத்திருப்பான். தலையைக்கூடத் திருப்பவில்லை. வாசலில் கூட்டம் நுழைந்தது. முதல் தட்டு வசந்தி தலைமேல். அவளுக்குப் பின்னால் நஜீர் பாய், நான், தெருவில் கால் இருக்கிற அத்தனை பேரும்.

"வழி வுடுங்க, வழி வுடுங்க! தாய்மாமன் சீர் வந்துருச்சி!"

மாமியார் எழுந்தாள். "எம்மா, இடம் மாறி வந்துட்டீங்க. எங்க பையனுக்கு மாமன் இல்ல."

"இன்னாம்மா இல்லன்ற? கல்லாட்டம் ஒக்காந்துகினு கீறானே! தங்கச்சி பிரேமா நீதானம்மா? அண்ணன் சீர வாங்கிக்க!"

பேண்டுக்காரர்களுக்கு விஷயம் புரியவில்லை, இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் பிரேமாவைப் பார்த்தாள். பிரேமா தரையில் கிடந்த முடியைப் பார்த்தாள்.

பூபாலன்தான் முதலில் வாயைத் திறந்தான். குரல் ரொம்ப சாதாரணமாக இருந்தது. "அது ஒண்ணும் இல்லம்மா. வர எல்லாரையும் நான் தங்கச்சின்னுதான் சொல்லுவேன். இவங்க வெள்ளந்தி ஜனம். நெஜம்னு நம்பிட்டாங்க."

அத்தோடு விட்டிருந்தால் முடிந்திருக்கும். எங்கள் வசந்தி விடுவாளா? பூபாலன் கூச்சப்படுகிறான் என்று நினைத்துவிட்டாள்.

"தோ பாரு, வெக்கத்த! அம்மையார்குப்பத்துல ஒரே வவுத்துல பொறந்ததுன்னு டீக்கடைல சொன்னது யாரு, உன் தாத்தாவா?"

அம்மையார்குப்பம் என்றதும் மாமியார் முகம் மாறியது. நாலு அடி முன்னால் வந்தாள். பூபாலன் முழங்கையில் பையனின் கண்ணீர் பட்ட இடத்தில் சந்தனம் கரைந்திருந்தது. அந்த இடம் வெள்ளையாக இருந்தது. அவள் சத்தம் போடவில்லை. குனிந்து பையனைத் தூக்கினாள். முந்தானையால் அவன் மொட்டைத் தலையில் இருந்த சந்தனத்தை அழுத்தித் துடைத்தாள். கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். கை, கால், அக்குள். பிறகு பிரேமாவின் கையைப் பிடித்து, அத்தனை பேர் முன்னாலும், ஜாக்கெட் கையை மேலே ஏற்றிப் பார்த்தாள். பிரேமா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ராஜமாணிக்கத்துக்குப் பொறுக்கவில்லை. கத்தியை மடக்காமலேயே எழுந்தான்.

"எம்மா, இது ஒட்டாதும்மா! டாக்டரே சொல்லிகிறாரு. இத்தினி வருசமா நாங்க இவுரோட ஒரே தட்டுல துண்றோம். எங்க வூட்டு ஆளும்மா இவுரு!"

மாமியார் அவனைப் பார்த்தாள். "உனக்குப் பொண்ணு இருக்குதா?"

"கீது."

"கல்யாண வயசா?"

"ஆங்."

"இவருக்குக் குடுப்பியா?"

ராஜமாணிக்கம் கத்தியைப் பார்த்தான். அதில் ஒட்டியிருந்த முடியைக் கட்டைவிரலால் வழித்தான். மறுபடி வழித்தான்.

"நீ குடுப்பியாம்மா?" என்று வசந்தியைக் கேட்டாள். வசந்தியின் தங்கை மகள் ஒருத்திக்கு வருஷக்கணக்கில் வரன் தேடிக்கொண்டிருப்பது தெருவுக்கே தெரியும். வசந்தி தட்டைத் தலையிலிருந்து இறக்கினாள். எங்கள் தெருவில் எல்லார் வாயும் பெரிது. என் வாய் அதில் முதல் பரிசு. நான் தட்டில் இருந்த தேங்காயை எண்ணினேன்.

"எனக்கும் ஒரு பொண்ணு நிக்குது" என்று மாமியார் நாத்தனாரைக் காட்டினாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. "இந்தப் பேச்சு வெளிய போச்சுன்னா இதை எவன் வந்து பாப்பான்? உங்களுக்கு என்னா, பேண்டு அடிச்சிட்டுப் போயிடுவீங்க."

வேனில் ஏறினார்கள். பையனுக்கு ஒரு காதுதான் குத்தியிருந்தது. ஆசாரி இன்னொரு கம்மலைக் கையில் வைத்துக்கொண்டு, "எம்மா, ஒரு காதோட போவக் கூடாதும்மா" என்று பின்னாலேயே ஓடினார். யாரும் நிற்கவில்லை. பிரேமா கடைசியாக ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை. பூபாலன் வாசலுக்கு வந்து வழக்கம்போல் கையைத் தூக்கினான். ஆட்டவில்லை. தூக்கினபடியே வேன் மறைகிற வரைக்கும் நின்றான்.

சீர்த்தட்டுகள் முற்றத்தில் கிடந்தன. பழத்தில் ஈ மொய்த்தது. யார் வீட்டுக்கு எடுத்துப் போவது என்று தெரியாமல் கடைசியில் பேண்டுக்காரர்களே தின்றார்கள்.

அன்றைக்கு அவன் எங்களைத் திட்டியிருக்கலாம். வசந்தி முகத்தில் காறித் துப்பியிருந்தால் அவளே துடைத்துக்கொண்டு நிம்மதியாகப் போயிருப்பாள். அவன் முடியைக் கூட்டிப் பெருக்கினான். சுருட்டை முடியாகப் பார்த்து ஒரு கொத்து மட்டும் தனியாக எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டான்.

பிரேமாவின் நம்பர் அதன்பிறகு ஸ்விட்ச் ஆஃப். புத்தூர்ப் பக்கம் ஒரு வண்டியைப் பழுது பார்க்கப் போன நஜீர் பாய், அவளைத் தோல் டாக்டரிடம் கூட்டிப்போய் முழுசாகப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை, ஆனாலும் தனிப் பாயில்தான் படுக்கிறாள் என்று கேள்விப்பட்டு வந்து சொன்னார். சொல்லிவிட்டு டீ குடிக்காமல் போய்விட்டார்.

ஐப்பசி மழையில் ஒரு காலை, டீக்கடையில் எல்லாரும் ஒண்டிக்கொண்டிருந்தோம். பூபாலன் போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தான். மழைச் சத்தத்துக்காக ஸ்பீக்கரைப் போட்டான்.

"அண்ணா." வேறு யாருடைய போனையோ வாங்கிப் பேசுகிற பிரேமாவின் அவசரக் குரல். "யாரோ மாதிரி இருன்னுதானே உன்ன கேட்டேன்? ஒரே ஒரு நாளு. ஏண்ணா ஊரைக் கூட்டின?"

வசந்தியின் கையில் பூ அப்படியே நின்றது. பூபாலன் எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்துக்கொண்டான்.

"ஆமாம்மா" என்றான். "சந்தோசத்துல நாந்தாம்மா கூட்டிட்டேன். தப்பு என்னுதுதான்."

போனைப் பாக்கெட்டில் வைத்துவிட்டு டீயைக் கையில் எடுத்தான். கண்ணாடி கிளாஸ்தான். எடுத்துக்கொண்டு தள்ளிப் போய், கூரை ஒழுகுகிற இடத்தில் நின்று குடித்தான்.

வசந்தி எழுந்து, "மாமா..." என்றாள். எனக்கு ஏதாவது சொல்லி அவனைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று இருந்தது. வாய்க்குள் துழாவினேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

மழை விட்டதும் சத்திரத்திலிருந்து ஆள் வந்தது. திருவாலங்காட்டுக் குடும்பமாம். மாமன் இல்லையாம். மடி மாமா இருக்கிறாரா என்று கேட்டார்களாம். ராஜமாணிக்கம் என்னைப் பார்த்தான், நான் என் கடைத் தேங்காயைப் பார்த்தேன். பூபாலன் டீ கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வந்து ராஜமாணிக்கத்தின் முன்னால் உட்கார்ந்தான். இரண்டு கையையும் நீட்டினான்.

ராஜமாணிக்கம் கிண்ணத்தில் விரலை வைத்துவிட்டுத் தயங்கினான்.

"பூசு" என்றான் பூபாலன். "கெட்டியா பூசு."